பனியைத் திரும்பக் கொட்டிய ஞாயிறு

ஹேல்டால், ஞாயிறு மதியம்

அன்பு மகள் இங்வில்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, என் மானத்துக்குத்தான் லேசான அடி. பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்றே காற்று அதிகமானதால் கணவாய்ச் சாலையை மூடிவிட்டார்கள், கேரவனோடு இந்த மலையூரில் உட்கார்ந்திருக்கிறோம். ஊரில் ஒரு சத்தம் இல்லை, பனி மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. அம்மா காலை மேலே போட்டுக்கொண்டு, எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு பாரு என்றாள். எனக்குத்தான் நிம்மதி ஒத்துவராதே. முப்பத்துநான்கு வருஷம் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டியவனைச் சும்மா உட்கார வைத்தால் கை அரிக்காதா? அதோடு மனசுக்குள் ஒரு திருட்டுத்தனம் வேறு. போர்ச்சுகல் கடலைப் பார்த்துவிட்டு ஏப்ரலில்தான் திரும்புவது என்று அம்மா திட்டம் போட்டிருக்கிறாள் அல்லவா, நானோ கிளம்புவதற்கு முன்பே என் பழைய மேலாளர் ஹால்வரிடம், ஜனவரியில் வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் சொல்ல முடியாது.

இன்று காலை ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தால் கடைத்தெரு முழுக்கப் பனி, ஒருவரும் தள்ளவில்லை. என்ன ஊர் இது, பொறுப்பே இல்லையே என்று தோன்றியது. விடுதி வாசலில் முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டிய சின்ன டிராக்டர் சாவியோடு நின்றது. யாரையும் கேட்கவில்லை. இருநூறு மீட்டரையும் தார் பளபளக்க வழித்தெடுத்துவிட்டேன், ஓரம்கூட நூல் பிடித்ததுபோல் இருந்தது. பாராட்டு வரும் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். பெரித் என்ற அம்மாள் வந்தாள், கை நிறைய எண் எழுதிய துணிகள். யாருய்யா இந்த வேலை பண்ணது, முந்தாநேத்து நாப்பது பேரு லாரி லாரியா கொண்டாந்து கொட்டி மிதிச்ச தடம்யா இது, பத்து மணிக்குப் புள்ளைங்க பனிச்சறுக்குப் பந்தயம் என்று கத்தினாள். நான் டிராக்டருக்குப் பின்னால் நகர்ந்தேன். உன் அம்மா கேரவன் ஜன்னலைத் திறந்து, வேற யாரு, அதோ ஒளியிறாரே, அந்தப் புண்ணியவான்தான் என்றாள்.

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெரித் ஒரு மண்வாரியை என் கையில் கொடுத்து, ஆனது ஆச்சு, அள்ளுங்க என்றாள். பொதுவேலை என்றால் நம் ஆட்கள் எப்படி என்று உனக்குத் தெரியும், அரை மணியில் ஊரே வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாகப் பனியைச் சாலையில் கொட்டினேன், பிறகு அதைக் குதித்துக் குதித்து மிதித்தேன். மார்பில் பதினேழு என்று மாட்டிய ஒரு பொடிசு, தாத்தா, இங்க இன்னும் குழியா இருக்கு என்று மேற்பார்வை பார்த்தாள். பந்தயம் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

பிறகு தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் வாஃபிளும் காபியும். பெரித் சிரித்துக்கொண்டே, ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல, இனிமே பனியப் பாத்தா பாத்துக்கிட்டு மட்டும் இருங்க என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, ஜனவரியில மறுபடியும் வேலைக்குப் போறேனே என்று உளறிவிட்டேன். அம்மா வாஃபிளைத் தட்டில் வைத்தாள். கத்தவில்லை. சரி, போ, மூணு மணிக்கு ரயில் இருக்கு, வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன், கடலப் பாக்காம திரும்ப மாட்டேன் என்றாள். உனக்குக் கணவாயில் ஓட்டத் தெரியாதே என்றேன். நீ எங்க தெரிய விட்ட என்றாள். நாற்பது வருஷத்தில் பனிக்காலத்தில் ஒருநாள்கூட நான் அவளிடம் சாவியைக் கொடுத்ததில்லை. வெட்கமாக இருந்தது இங்வில்டு, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வெளியே போய் ஹால்வருக்கு ஃபோன் போட்டேன். என்னால் வர முடியாது, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அடடா, அந்த எடத்துக்கு ஆள் போட்டு ரெண்டு வாரம் ஆச்சேப்பா, உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்காக வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு திருட்டைச் சொல்லி முடித்த கையோடு அடுத்ததைத் தொடங்கியிருக்கிறேன், என் லட்சணம் இதுதான்.

இப்போது கணவாய்த் தடுப்புக்கு முன்னால் வரிசையில் நிற்கிறோம், பனி ஒதுக்கும் வண்டி முன்னே போக எல்லோரும் பின்னால் போக வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் அம்மா. அந்த வண்டிக்காரப் பையன் ஜன்னலில் குனிந்து, பயப்படாதீங்க பெரியவரே, முன்னாடி வண்டியோட பின்விளக்கப் பாத்துக்கிட்டே வந்தாப் போதும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறான். சரி தம்பி என்றேன்.

தடுப்பைத் தூக்குகிறார்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. ஹால்வர் விஷயம் அம்மா காதுக்குப் போகக்கூடாது, மறந்துவிடாதே. இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருங்கள்.

என்றும் உன் அன்பு அப்பா,
டோர்லெய்ஃப்

(ஓரத்தில்) தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாமல் கொடுத்தார், படித்துவிட்டேன். இவர் வாக்குக் கொடுத்ததையும் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டதையும் ஹால்வர் மனைவி அப்போதே என்னிடம் சொல்லிவிட்டாள். இவராக வாய் திறக்கிறாரா என்று இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விட்டது என்று தெரியாமல்தானே வேண்டாம் என்றார், எனக்கு அது போதும். எனக்குத் தெரியும் என்று நீ அவரிடம் காட்டிக்கொள்ளாதே. — அம்மா