வாசலில் மூன்று படிகள்

அன்புள்ள அப்பா,

வீட்டிலிருந்தே பயிற்சியை முடிக்கவைக்கும்படி நீங்கள் கல்லூரிக்குப் போன் செய்தது தெரியும். அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

திங்களன்று, கல்லூரி எனக்குப் பயிற்சிக்கு ஒதுக்கிய சட்ட உதவி மையத்துக்கே போனேன். வாசலில் மூன்று படிகள். மேலாளர் லோர்னா வெளியே வந்து, "சக்கர நாற்காலின்னு யாரும் சொல்லலையேம்மா. வேற இடம் பாத்துக்கோயேன்" என்றார்.

"எனக்கு இங்கதான் பயிற்சி. மனு எழுத வர்றவங்கள இங்க வெளிய என்கிட்ட அனுப்புங்க" என்றேன்.

இந்தக் கனடாக் குளிரில், சஸ்கட்டூன் நடைபாதையிலேயே இருந்தேன். பிடித்து நடக்கும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். "வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்க. மூணு தடவ வந்து, இந்தப் படியப் பாத்துட்டே திரும்பிட்டேன்." அவர் மனுவை மடியில் வைத்து எழுதினேன். லோர்னா குனிந்து படிகளின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

வியாழனன்று அந்தப் படிகளின் மேல் மரத்தில் சரிவுப்பாதை போட்டார்கள்.

இந்தக் கடிதத்தை வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி எழுதுகிறேன்; கையெழுத்து கோணலாக இருப்பது குளிரால்தான். பயத்தால் இல்லை.

உங்கள் அடங்காத மகள்