சூசை மச்சானுக்கு ஒரு நிமிடம்

என் அன்பு மச்சான் சூசைக்கு,

ஏழு கடல் அறிய, மொன்றியல் மாநகரின் அத்தனை மெற்றோ நிலையங்களும் அறியச் சத்தியம் செய்கிறேன்: இப்போது சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ உயிரோடு இருந்தபோதே என் கதைகளில் பாதியைத்தான் நம்பினாய். அதுவும் உன் மனைவி றீற்றா என் தங்கச்சி என்ற பயத்தில்.

நீ போன அடுத்த சனிக்கிழமை, கோயில் பேஸ்மென்ற்றில் உன் கதிரையில் என்னை இருத்தினார்கள். விளம்பரம் இல்லை, சம்பளம் இல்லை, யன்னலும் இல்லை. கிறிஸ்தவ வானொலி ஒன்று நமக்கென்று கிழமைக்கு ஒருமுறை தரும் ஒரு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி. அதை நாற்பது கோடிப் பேர் கேட்கிறார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவேன். "நாப்பது வீடு எண்டு சொல்லு, மச்சான். அதிலை நாலு வீடு உன்ர சொந்தக்காரர்," என்பாய்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், லவாலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் திரும்பவும் வந்தார். விளம்பரம் போட முடியாதென்றால், நோயாளிகளுக்கான மன்றாட்டில் தன் பெயரோடு கடை விலாசத்தையும் சேர்க்கட்டாம். நீ கேட்டதையே நானும் கேட்டேன்: "உங்களுக்கு என்ன வருத்தம்?"

"யாவாரம் படுத்திட்டுது, அண்ணை."

அவருக்காக மன்றாடினோம். விலாசம் சொல்லவில்லை.

ஆனால் உனக்கு எழுத வந்தது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி. மன்னாரில் தாயை அடக்கம் செய்யும் நேரம் இங்கே மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் நிற்கிற மகன் எங்கே போவான்? ஊரில் நடக்கும் சண்டைக்குள் எப்படிப் போவான்? அவனுக்காகத்தான் நிகழ்ச்சியின் முடிவில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, ஒரு நிமிடம் மௌனம் வைத்தாய்.

முதல்முறை வைத்தது நினைவிருக்கிறதா? இருபது விநாடி சத்தம் வராவிட்டால், ஒலிபரப்பு நின்றுவிட்டது என்று நினைத்துத் தானாகவே ஒரு பிரெஞ்சுப் பாட்டைப் போடும் கருவி ஒன்று அங்கே இருப்பது நமக்குத் தெரியாது. போட்டது. நம் சனம் அது இறந்தவர்களுக்கான பாட்டாக்கும் என்று வீடுகளில் எழுந்து நின்றது. "தம்பி, அந்தப் பிரெஞ்சுப் பாட்டை என்ர மனுசனுக்கும் போடுங்கோ," என்று ஒரு அம்மா கிழமைக்கணக்காகத் தொலைபேசி எடுத்தார். லவால் பாலமே எழுந்து நின்றது என்று நான் சொன்னேன்.

பிறகு நீதான் வழி கண்டாய். மைக்குக்குப் பக்கத்தில் செபமாலையை மெல்ல உருட்டுவாய். மணிகள் உரசும் சத்தம் கருவிக்குப் போதும். கேட்கிறவர்களுக்கு அது மௌனம்தான்.

நான் உன் கதிரையில் இருந்த அந்தச் சனிக்கிழமை காலை றீற்றா தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, இண்டைக்கு ஒரு கதையும் விடாதேங்கோ. எத்தினை பேருக்கு அவர் அந்த ஒரு நிமிசத்தைக் குடுத்தவர். அவருக்கும் அது முழுசாக் கிடைக்கவேணும். இடையிலை பாட்டு வரப்படாது."

"நான் ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டிருந்ததை நீ எப்ப கண்டனி?"

"காணேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

உன் பெயரை வாசித்தேன், மச்சான். தகப்பன் பெயர், ஊர், பிள்ளைகள், எல்லாம் ஒழுங்காக. "மௌனம் காப்போம்" என்றேன். மேசையில் கையை விட்டுத் தேடியபோதுதான் விளங்கியது. உன் செபமாலையை உன் விரல்களில் சுற்றி, உன்னோடே அனுப்பிவிட்டோம். சுற்றிவிட்டவன் நான்.

பத்து விநாடி. பதினைந்து. கருவியில் மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது. றீற்றா வீட்டுக் குசினியில், அடுப்படி வானொலிக்கு முன்னால் நிற்பாள். கதைக்கவும் கூடாது, சத்தம் இல்லாமல் இருக்கவும் கூடாது. நான் என்ன செய்வேன், சொல்லு?

அப்போதுதான் அதிசயம் நடந்தது. சுவரோடு போகும் ஹீற்றர் குழாய் விம்மத் தொடங்கியது. பெரிய குழாய், ஆறடி இருக்கும். விம்மியது, மூச்சை இழுத்தது, இரண்டுதரம் மூக்கையும் உறிஞ்சியது. மஞ்சள் விளக்கு அணைந்தது. நிமிடம் முடியும்வரை எந்தப் பாட்டும் வரவில்லை.

பின்னேரம் றீற்றாவிடம் போனேன். தேத்தண்ணி தந்தாள்.

"முழு நிமிசமும் கிடைச்சுது, அண்ணை. ஆனா ஏதோ சத்தம் கேட்டுது."

"ஹீற்றர் குழாய்."

அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "நல்ல குழாய்," என்றாள்.

உன் சின்னவள் இப்போது பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் தட்டித் தருகிறாள். தமிழ்ப் பெயர்கள், ஆங்கில எழுத்து. பட்டியல் கிழமைக்குக் கிழமை நீளுகிறது. அங்கே வந்து சேர்கிறவர்களை நீ காண்கிறாயா? நாங்கள் வாசித்தது கேட்டது என்று யாராவது சொன்னார்களா?

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே வாசிப்பேன், மச்சான். ஒரு பெயரையும் விடமாட்டேன், ஒரு பெயருக்கும் பட்டம் சேர்க்கமாட்டேன், நிமிடத்தில் ஒரு விநாடியும் குறைக்கமாட்டேன்.

நாற்பது கோடி பொய். பாலம் பொய். அது ஆடி மாதம், ஹீற்றரை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது. ஆகவே குழாயும் பொய். அந்தச் சத்தம் மட்டும் உண்மை.

உன் றீற்றாவின் தமையன்,
உன் மச்சான் அந்தோனி