லேத்து வெளியே போன வழி

கூடத்துத் தரையில் அந்த எண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், சோடா போட்டும் தேய்த்தேன், போகவில்லை. உங்கள் கடைசல் மெஷின், அந்த லேத்து, போன வாரமே போய்விட்டது. படப்பையிலிருந்து பட்டறைக்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள். நீங்கள் கண்ணை மூடி வருடம் திரும்பியதும் மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள், இனி இருங்காட்டுக்கோட்டையில் அவள் வீட்டில்தான் நான் இருக்க வேண்டுமாம். சரி என்றேன். யாராவது கூப்பிட்டால் கிளம்பிவிடக் காத்திருந்தவள்தானே நான்.

தொண்ணூற்றொன்றாம் வருடத்துக் கோடையில் அரக்கோணத்துப் பள்ளி ஒன்றில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. தங்க வீடும் தருவதாகச் சொன்னார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது சேர்ந்துவிட வேண்டும். உங்கள் அம்பத்தூர் கம்பெனி மூடியபோது அங்கிருந்த பழைய லேத்தை வாங்கிவந்து, பாதி கட்டிய இந்த வீட்டின் கூடத்தில் நிறுத்தியிருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் தெருப்பக்கச் சுவரை எழுப்பியிருந்தீர்கள், கொத்தனார் வைக்காமல் உங்கள் கையால். முதலில் லேத்து, அப்புறம் வீடு என்று ஊரே சிரித்தது.

அரக்கோணத்துக்கு லேத்தையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றேன். "எப்டி மே? வாசல்ல நுழையாது. செவுத்த இடிச்சா கூரையும் சேந்து வுழும்" என்றீர்கள். கட்டியவரே சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வது? அப்படியானால் அதை விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். "இந்த டாக்டர் காரு ஒண்ணு முடியட்டும், போவலாம்."

வாலாஜாபாத் டாக்டரின் கார் அது. என் வயதைவிட அதன் வயது அதிகம். முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் உட்காரும் புஷ் என்கிற உலோக வளையம் தேய்ந்து, சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்று டிரைவர் நம் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். புதிதாகக் கடைய உங்களிடம் கன்மெட்டல் என்கிற வெண்கலம் ஒரே துண்டுதான் இருந்தது. பழைய புஷ் தேய்ந்துபோனதால் அதை வைத்து அளவு எடுக்க முடியாது. அதற்குள்ளே போகிற இரும்புப் பின்னை வைத்துத்தான் துளையைக் கடைய வேண்டும். "தானா வுழக் கூடாது மே, தள்ளுனா போவணும். அம்மாந்தான்." பீடி பிடித்த வாயை மூடிக்கொண்டு மயிரிழை மயிரிழையாகக் கடைந்தீர்கள்.

கடைசி ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. உளியை வெளியே எடுத்தால் கோடு விழுந்துவிடும் என்றீர்கள். மெயினை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "பெல்ட்டப் புடிச்சி இழு. வேகம் வாணாம், நிக்காத." இழுத்தேன். உள்ளங்கை எரிந்தது. இது முடிந்தால் அரக்கோணம், இது முடிந்தால் அரக்கோணம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இழுத்தேன். பின்னை வைத்துக் கட்டைவிரலால் தள்ளினீர்கள், அது நிதானமாக உள்ளே போனது. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காதது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் புஷ்தான் என்னைக் கட்டிப்போட்டது. டாக்டர் சொல்லி இன்னொருவர் வந்தார், அவர் சொல்லி வேறொருவர். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற வண்டிகள்கூடத் திரும்பும்போது நம் வாசலில் நின்றன. எல்லாவற்றுக்கும் "இது ஒண்ணு முடியட்டும்". ஜூன் வந்தது, பள்ளியில் வேறு ஒருத்தி சேர்ந்தாள். கூடத்தில் லேத்தைச் சுற்றித்தான் நான் நடந்தேன். அது ஓடும்போது மிக்சி சுற்றாது. அம்மா வீட்டுக்குப் போனால்கூட என் புடவையில் அந்த எண்ணெய் நாறும். சுவரைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது.

போன வாரம் சுவரை இடிக்கக் கொத்தனார் வந்தார். மேல் பூச்சைக் கொத்தியவர் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார். "எம்மா, இதுக்கு எதுக்கு ஆளக் கூப்ட்ட? மேல லிண்டல் போட்டுக் கீது, ரெண்டு பக்கமும் தூண் கீது. நடுவுல செங்கல்ல வெறும் மண்ணு வச்சி அடுக்கிக் கீது. கட்னவரு வழி வுட்டுதான் கட்டிகினு கீறாரு." கையாலேயே செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கூரையிலிருந்து ஒரு தூசிகூட விழவில்லை. லேத்து அதன் வழியாக முட்டாமல் மோதாமல் போனது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "எனக்கு வரப் புடிக்கல மே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தனியாகவாவது போயிருப்பேன். இல்லை, உங்களுக்காகத் தங்கியும் இருப்பேன், ஆனால் நானாகத் தங்கியிருப்பேன். அதைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இல்லாமல் பழியைச் செங்கல் மேல் போட்டுவிட்டீர்கள்.

நேற்று மகள் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறையைப் பார்க்கப் போனேன். கட்டில், மின்விசிறி, ஜன்னல், ஒரு குறையும் இல்லை. அவள் காபி எடுத்துக்கொண்டு வந்தபோது நான் சுவரை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா பண்ற?"

"ஒண்ணுமில்ல."

கெட்டியான சத்தம்தான். அவள் அடுப்படிக்குப் போனதும் கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் தட்டிப் பார்த்தேன்.