நாரையின் ஒரு சிறகு

1986 பெப்ரவரி 3, திங்கள்

மைனஸ் பதினாறு. ஜன்னலின் உள்பக்கமும் உறைந்திருந்தது. செய்ய வேண்டியவை: இவருடைய மாத்திரைகள். உப்பில்லாத சமையல். என் விமானச் சீட்டை ரத்துச் செய்வது.

மூன்றாவதை முதலில் செய்தேன். தள்ளிப்போட்டால் மனம் மாறிவிடும்.

பதினாறு வருடமாக இந்த மாதங்களில் பெரு நாட்டுப் பாலைவனம்தான் எனக்கு வீடு. கறுத்த கற்களை ஒதுக்கி, வெளிறிய மண்ணில் யாரோ என்றோ கீறிய, மைதானம் அளவு உருவங்கள். ஆறு உருவங்களை அளந்து முடித்துவிட்டேன். மிச்சம் நாரை மட்டும். அதன் மேலாக ஏப்ரலில் தெரு போடப்போகிறார்கள் என்று காவல்காரர் ஹூலியோ தை மாதம் எழுதினார். அதே கிழமைதான் இவருக்கு நெஞ்சுவலி.

இவர்: "நீர் பெருவுக்குப் போட்டு வாரும், திலகம். மேல்வீட்டில வசந்தி இருக்கிறா தானே."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

பெப். 9, ஞாயிறு

பனி விடாமல் கொட்டுகிறது. வசந்தி இடியப்பம் கொண்டு வந்தாள். போன வருடம் அகதியாக வந்து மேல்வீட்டில் இருக்கும் பிள்ளை. மேசையில் கிடந்த, விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, "உது என்ன அன்ரி, கொக்கோ?"

"நாரை."

"மேல இருந்து பாத்தாத்தானே தெரியும். கீறினவை எப்பிடிப் பாத்தவை?"

"அதைத்தான் பதினாறு வருசமா நானும் கேக்கிறன்."

இவர் சாய்மனைக் கதிரையில் இருந்து சிரித்தார். சிரிப்பில் இருமல்.

நாளை என் விமானம். நான் இல்லாமல் போகும்.

பெப். 24, திங்கள்

இவர் வேலைக்குத் திரும்பினார். அரைநாள்தான். கூட வேலை செய்யும் ரிக்கார்டோ, சிலி நாட்டுக்காரர், மிசிசாகாவில் உள்ள அலுவலகம் வரை தன் காரில் கூட்டிப்போகிறார். நல்ல மனிதர். ஏறும்போது இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

வீடு வெறுமை. நாரையின் படத்தை நாலு தரம் எடுத்துப் பார்த்து வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

மழையும் பனியும் கலந்து. தெரு முழுக்கச் சேறு.

எழுத வெட்கம். எழுதுகிறேன்.

காலைச் சாப்பாட்டில் இவர் உப்பைத் தேடினார். அவ்வளவுதான் நடந்தது. எனக்குள் ஏதோ அறுந்தது. "உங்கட நெஞ்சு இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம்" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். "ஓம்" என்றார்.

கோட்டைப் போட்டார். ஒரு கையுறையைக் காணவில்லை. தேடி எடுத்துக் கொடுத்தேன். "தாங்ஸ்" என்றார். வெளியே ரிக்கார்டோவின் ஹோர்ன்.

பின்னேரம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பால் பொங்கி வழிந்தது. பிறகு வசந்தி வந்தாள். பிறகு இவர் நித்திரை.

நாளைக்குக் கேட்பேன்.

மார்ச் 15, சனி

இவர் வியாழக்கிழமை போய்விட்டார். அலுவலகத்தில். மத்தியானம்.

வேட்டி, அலுமாரி மேல்தட்டில். யாழ்ப்பாணத்தில் அண்ணைக்குத் தந்தி. ஐயருக்குச் சொல்ல வேண்டும். நல்ல படம் ஒன்று. எல்லாப் படத்திலும் எனக்குப் பின்னால் நிற்கிறார்.

கேட்கவில்லை. ஒன்பது நாள் இருந்தது. கேட்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

முப்பத்தோராம் நாள் கிரியை நேற்று முடிந்தது. வெயில். கண் கூசுகிறது.

வசந்தி பாத்திரம் கழுவிக்கொண்டு, "ஒருக்கா அழுங்கோ அன்ரி. அழாட்டி உடம்புக்கு வருத்தம் வந்திடும்" என்றாள்.

வரவில்லை. வராததை எங்கிருந்து கொண்டுவருவது.

ஏப்ரல் 26, சனி

பத்து மணிக்கு ரிக்கார்டோ வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். தடித்த கடித உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். நினைவில் நிற்பதை எழுதுகிறேன்.

இவர் கேட்டு, ரிக்கார்டோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பானிய மொழியில் ஹூலியோவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முளை எப்படி அடிப்பது, கயிறு எப்படி இழுப்பது, எந்தக் கல்லிலிருந்து அளவைத் தொடங்குவது, எல்லாவற்றையும் இவரே படமாகக் கீறிக் கொடுத்தாராம். பாலைவனத்தை ஒரு நாளும் கண்டிராத மனிதர். நான் சொல்லச் சொல்லக் கேட்டிருந்ததுதான்.

"பதில் வரும்வரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். பதில் வந்தபோது அவர் இல்லை" என்றார் ரிக்கார்டோ.

உறைக்குள் ஹூலியோவும் மனைவியும் அளந்த கணக்கு, பதினொரு பக்கம். தலை, கழுத்து, ஒரு சிறகு. கடைசியில்: 'சொன்ன நாளுக்கு முன்னமே புல்டோசர் வந்துவிட்டது, அம்மா. மற்றச் சிறகு போய்விட்டது. மன்னியுங்கள்.'

இவர் சொல்லி எழுதிய கடிதத்தின் பிரதியும் இருந்தது. அதில் ஒரு வரி: 'எனக்காக என் மனைவி வராமல் நின்றுவிட்டார். அதற்காக ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.'

எப்போது எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"மார்ச் நாலாம் திகதி. அன்று காலை காரில் ஏறியதுமே கேட்டார்."

ஏப்ரல் 27, ஞாயிறு

மேசையைத் துடைத்துப் பெரிய தாளை விரித்தேன். தலை முடிந்தது. கழுத்து பாதி.

வசந்தி கதவைத் தட்டினாள். "என்ன செய்யிறியள் அன்ரி?"

"அங்கிள் அளப்பிச்சுத் தந்ததைக் கீறுறன்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. வசந்தி என் கையிலிருந்து பென்சிலை வாங்கி வைத்தாள்.