தகர டப்பாவில் ஒட்டிய காகிதம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உனக்கும் இருமல் நின்று, வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் படிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஃபோனில் நீ பேசினால் எனக்கு, இரு அப்பாவிடம் கொடுக்கிறேன் என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை, அது உனக்கே தெரியும். இந்த வீட்டுக்கு நான் வந்து மூன்று வருடமாகியும் அப்படித்தான். அதனால்தான் கடிதம். நேராகவே சொல்லிவிடுகிறேன், டீச்சரம்மா போய்விட்டது. போன வியாழக்கிழமை. நீ பரீட்சை எழுதி முடிக்கும்வரை சொல்லாதே என்று அப்பா இரண்டு முறை சொன்னார். உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பரீட்சை முடியட்டும் என்றுதான் உன்னிடம் மறைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது மனுஷி, இது கோழி, இரண்டும் ஒன்றா என்று அவர் கேட்கிறார். ஒன்றில்லைதான். ஆனாலும் இன்னொரு முறை உன்னிடம் மறைக்கிற வேலையில் நான் சேர மாட்டேன்.

திங்கட்கிழமை காலை கூட்டைத் திறந்ததும் மற்ற மூன்றும் விழுந்தடித்து வெளியே வந்தன. எப்போதும் முதல் ஆளாக வந்து எல்லாரையும் அதட்டுகிற டீச்சரம்மா மட்டும் மூலையிலேயே நின்றது. தூக்கிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே தீனி தங்குகிற பை கல் மாதிரி இருந்தது. காலையில் அது காலியாக இருக்க வேண்டும் என்று நீ எழுதிக் கொடுத்ததை நான் மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். தீனி டப்பாவில் ஒட்டியிருந்த உன் காகிதத்தை மறுபடி ஒரு முறை படித்தேன். ஒரு நாள் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும், இரண்டு சொட்டு எண்ணெய், பிறகு விரலால் மெல்ல நீவிவிட வேண்டும். அப்படியே செய்தேன். வேளைக்கு அரைமணி நேரம் மடியில் வைத்து நீவினேன். அது கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து கிடந்ததைச் சுகம் என்று நினைத்துக்கொண்டேன். வலி என்று தோன்றவே இல்லை. இடையில் போய் முட்டைப் பெட்டியில் உட்காரும், முக்கும், எழுந்து வரும், வைக்கோல் வெறுமையாக இருக்கும். வால் தரையைத் தொட நின்றது. அப்பாவிடம் கேட்டேன். வயித்து வலின்னா யாரா இருந்தாலும் அப்படித்தான் நிப்பாங்க, மழைக்கு முட்டைய நிறுத்தியிருக்கும், நீ ஏன் இப்படிப் பதறுறே என்றார். எனக்கும் அதை நம்புவது சுலபமாக இருந்தது.

வியாழக்கிழமை மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். கண்டக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போற வழியில முட்டை போட்டா அதுக்குத் தனி டிக்கெட்டும்மா என்றார். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். டாக்டரம்மா வயிற்றின் கீழே தொட்ட உடனே கையை எடுத்துவிட்டார். முட்டை சிக்கி மூணு நாளாவது இருக்கும், உள்ளேயே உடைஞ்சிருக்கு, கீழ வழி அடைஞ்சதாலதான் மேல தீனி இறங்கல என்றார். நான் என்னென்ன செய்தேன் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க, ஆனா நோவு வேற இடத்துல என்றார். ஊசி போட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டி அசையவில்லை. வீடு வரும்வரை நான் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் தீனி டப்பாவை வெந்நீரில் கழுவும்போது உன் காகிதத்தின் முனை எழும்பியது. பின்பக்கம் எழுத்து தெரிந்தது. நீ இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறாய், எங்களுக்குத் தெரியவே தெரியாது. உன் அப்பா பைண்டிங் வேலைக்காரர், கையில் பசை இருந்தால் எதையும் சும்மா விடமாட்டார், காற்றில் பறக்கக்கூடாது என்று நீ கிளம்பிய அன்றே நாலு மூலையும் அழுத்தி ஒட்டிவிட்டார். ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தேன். பாதி எழுத்து காகிதத்திலும் பாதி தகரத்திலுமாக வந்தது. முட்டை வராமல் வாலைத் தொங்கப்போட்டு முக்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்க வேண்டும், இருட்டான அறையில் விட வேண்டும், அமுக்கவே கூடாது, அரை நாளில் வராவிட்டால் டாக்டர். எல்லாம் இருந்தது. கடைசி வரியும் இருந்தது. சித்தி, சந்தேகம் வந்தா எனக்கு ஃபோன் பண்ணுங்க, அப்பாகிட்ட கேக்காதீங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஐந்து மாதமாக அந்த வரி சமையலறையில் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்திருக்கிறது. நானோ, கோழிகளை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு மற்றபடி நான் உன்னோடு பேசுவதை நீ விரும்பவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அப்பாவிடம் காட்டினேன். நல்லா நிக்கணும்னுதானே ஒட்டினேன் என்று ஒரே வார்த்தை சொன்னார். அன்று அச்சகத்துக்குப் போகவில்லை. அவரை நீ திட்டாதே. மூன்று நாள் கையில் வைத்திருந்தவள் நான், கீழே ஒரு முறை தொட்டுப் பார்க்கத் தோன்றாதவளும் நான்.

கொல்லையில் மாதுளைக்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம். மிச்சமிருக்கிற மூன்று கோழிகளில் குண்டு இரண்டு நாளாக மெல்லிய ஓட்டோடு முட்டையிடுகிறது, எடுத்தால் விரல் பதிகிறது. ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சலைப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்க டாக்டரம்மா சொன்னார், வைக்கிறேன். இப்போதெல்லாம் காலையும் மாலையும் மூன்றையும் மேலே கீழே இரண்டு இடத்திலும் தொட்டுப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர், உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தலைவலி, எங்க கொட்டகையில பத்தோட பதிமூணா இருந்துட்டுப் போகட்டும் என்று கேட்டார். அப்பா சரி என்கிறார். அவை உன்னுடையவை, உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கொடுத்துவிடு என்று நீ சொன்னால் கொடுத்துவிடுகிறேன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். என்னிடமே இருக்கட்டும் என்றால் அதை நீ அப்பா மூலமாகச் சொல்லி அனுப்பாதே. என்னிடம் சொல்.

கோபம் வந்தால் வரட்டும், ஆனால் படிப்பை விடாதே. இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு படுக்காதே. நீ எழுதுவதெல்லாம் உனக்கு நல்லதாகவே முடியட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். இதை நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது, தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்வேன்.

உன்
சித்தி