ஒரே மாதிரி இருக்கும் பதினெட்டுப் படங்கள்

அன்பு மாப்ள கதிரேசா,

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. இந்த ஐப்பசியில் மானகிரிப் பக்கத்துக் கண்மாயில் நான் எடுத்த படத்தை ஏற்றப் போனேன், இடமில்லை என்றது. நீ போய்ச் சேர்ந்த பிறகு உனக்குப் பதிலாக நான் எடுத்த முதல் படம். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சிரிக்காதே.

வேண்டாததைக் கழித்து இடம் பண்ணும் மென்பொருள் ஒன்றை உன் அக்கா ஓடவிட்டாள். ஒரே மாதிரிப் படங்கள் என்று அது முதலில் காட்டியது எதைத் தெரியுமா? உன் கண்மாய்ப் படங்களை. வருஷத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு. அதே மடைக்கல்லில் நின்று, அதே பனையை இடது ஓரத்தில் வைத்து எடுத்தவை. பெயராவது ஒழுங்காக வைத்தாயா? கண்மாய், கண்மாய் புதுசு, கண்மாய் புதுசு இரண்டு. நல்லவேளை, தேதியைக் கேமரா குறித்து வைத்திருக்கிறது.

"ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிக்கச் சொல்லுது. என்ன செய்யப்போறீக?" என்றாள்.

உனக்குத் தெரியாத சேதி ஒன்று. கண்மாய்க்குள் மனை பிரித்திருக்கிறார்கள். அங்கே தண்ணீரே நின்றதில்லை என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் விசாரணை. தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்தார்.

"பழைய படத்தையெல்லாம் வச்சு என்னண்ணே பண்ணப்போறீக?"

"பாத்துக்கிட்டே இருப்பேன், தம்பி."

காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

படங்களை வரிசையாகத் திறந்தோம். பனை நகரவில்லை. எட்டாவதில் ஒரு வேலி. பதினோராவதில் வேலி இருந்த இடத்தில் சுவர். அடுத்தடுத்த படங்களில் சுவர் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே வருகிறது. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் இது தெரியுமா? இதற்காகத்தான் எடுத்தாயா, வெறும் பழக்கமா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

எனக்கு நடந்த பாராட்டு விழா வீடியோவை அழித்தேன்.

"உங்க பேச்சு மட்டும் ஒண்ணரை மணி நேரம். அன்னைக்கே அழிச்சிருக்கலாம்" என்றாள் உன் அக்கா. பத்தொன்பதாவது படம் ஏறியது.

பத்தொன்பதையும் அச்சடித்து விசாரணைக்குக் கொண்டுபோகிறேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் அடுத்த ஐப்பசியில் அதே மடைக்கல்லில் நிற்பேன். கல்லைப் பெயர்த்திருந்தால் கல் இருந்த இடத்தில். அங்கும் சுவர் வந்திருந்தால் சுவர்மேல் ஏறி. பனை இடது ஓரத்திலேயே இருக்கும்.

நேராக எடுக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அத்தான்