வாசல் பக்கத்து இலை

அமரவிளை,
19.8.1996.

அன்புள்ள தம்பி ராஜதாஸுக்கு அக்கா சோனா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டுவலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. என் மகன் நன்றாகப் பால் குடிக்கிறான், உன்னைப் போலவே காரணமில்லாமல் கத்துகிறான். நீ இங்கிலாந்தில் படிக்கப் போய் ரொட்டியைத் தின்று காலம் தள்ளுவதாக எழுதியதைப் படித்துவிட்டு அம்மா ஒரு நாள் முழுக்க மூக்கைச் சிந்தினாள்.

உன் போன கடிதம் இங்கே போட்ட குண்டைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. நம் பூட்டனார் மிஷன் போர்டிங்கில் படித்தபோது இங்கிலாந்திலிருந்து கிளேட்டன் என்று ஒருவர் அவர் செலவுக்குப் பணம் அனுப்பினாராம், அதற்கு ஈடாகத் தன் பேரைப் பையனுக்கு வைக்கச் சொன்னாராம். இது பேரல்ல, விலைச்சீட்டு, அக்கா பிள்ளைக்கு வைக்காதீர்கள், நானும் இனி வெறும் ராஜதாஸ்தான் என்று எழுதிவிட்டாய். தலைமகனுக்கெல்லாம் கிளேட்டன் என்று சேர்த்துச் சேர்த்துப் பெருமைப்பட்ட வீடப்பா இது! அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

நீ எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லவும் ஒரு பக்குவம் வேண்டாமா? எலே, அப்படியானால் அவருடைய பழைய பேர் என்ன என்று கேட்டால், வெள்ளைக்காரர்கள் எழுதி வைக்கவில்லை, எழுத்தில் இல்லாததை உன் புரொபசர் ஏற்கமாட்டார், போனது போனதுதான் என்கிறாய். இருந்த பேரையும் பிடுங்கிக்கொண்டு கையை விரித்தால் அப்பா என்னதான் செய்வார்?

இந்த நிலைமையில்தான் குளத்தூர் சதாசிவன் அண்ணன் பிள்ளையைப் பார்க்க வந்தார். பூட்டனார் மிஷனுக்குப் போனபோது வேதத்தில் சேராமல் நின்றுவிட்ட அவர் தம்பியின் வழியில் வந்தவர். கல்யாணம் காட்சிக்குப் போவோம், வருவோம். ஆனால் அவர்கள் சாமிக்குப் படைத்த பண்டம் வந்தால் மட்டும் அப்பா கோழிக்குப் போட்டுவிடுவார், உனக்குத் தெரியாததா? அம்மா மனசு பொறுக்காமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவருக்கு ஒரே சிரிப்பு. "பேரு போச்சுண்ணு ஆரு சொன்னா? நாங்க வாவுக்கு வாவு விளிச்சிட்டு வாறோமே, வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி அமாவாசை, அந்த வாவு அன்று பார்த்தால் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "சோனா, வாறியா?" என்று நிற்கிறார். பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நானும் பஸ் ஏறினேன்.

சதாசிவன் அண்ணனின் மனைவி சரசம்மா அக்கா முன்னோர்க்கெல்லாம் இலை போட்டு, ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விளித்துச் சோறு வைத்தார்கள். கடைசி இலை மட்டும் தனியே வாசல் பக்கத்தில் கிடந்தது. அதன் முன்னால் குனிந்து, "நீலா, வந்து உண்ணணும்" என்றார்கள். மிஷனுக்குப் போன நம் பூட்டனார்தான் அந்த நீலன். போன மகன் எப்போது வந்தாலும் வாசலிலேயே இலை இருக்கட்டும் என்று அவர் அம்மா போட ஆரம்பித்தாராம், பின்னால் வந்தவர்கள் யாரும் அதை மாற்றவில்லை. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

சரசம்மா அக்கா நமக்காகப் படைக்காத சோற்றைத் தனியே எடுத்து வைத்திருந்தார்கள். அப்பா வேண்டாம் என்றார். சபைக் கமிட்டி விஜயதாஸான நம் அப்பா அந்த வாசல் இலையின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, படைத்த சோற்றைச் சாப்பிட்டார். கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

நேற்று ஞானஸ்நானம். நம் சபை ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு பேர் கேட்டதும், அப்பா முந்திக்கொண்டு "நீலன் கிளேட்டன்" என்றார். ஐயர் "நீலனா?" என்றார். "எங்க குடும்பத்துப் பேராக்கும்" என்று அப்பா சொன்ன தோரணையில் ஐயர் அந்தப் பேரிலேயே தண்ணீர் தெளித்துவிட்டார். கிளேட்டன் எதற்கு என்று நான் வீட்டில் வந்து கேட்டேன். "அதையும் சுமந்துட்டுத்தானே அவரு ஒரு ஆயுசு வாழ்ந்தாரு" என்றார். அதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் புரொபசரிடம் சொல், காதால் கேட்டதற்கு நானும் அப்பாவும் சாட்சி. எழுத்தில்தான் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையே அடிக்குறிப்பாகப் போட்டுக்கொள். இங்கிலாந்து முழுக்கத் தேடிய நேரத்தில் குளத்தூருக்கு ஒரு பஸ் ஏறியிருக்கலாம் நீ!

இதை எழுத உட்கார்ந்ததும் அப்பா பக்கத்தில் வந்து நின்று, "அவன் எப்பம் வாறான்?" என்று கேட்டார். ரேடியோ சும்மாதான் கிடக்கிறது. கவரின் மேல் விலாசத்தை அவரே எழுதித் தந்தார். ராஜதாஸ் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார், பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்.

அடுத்த ஆடி வாவுக்குள் படிப்பை முடித்துவிடு மக்கா. ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நம் வீட்டு வாசலிலும் ஒரு இலை காத்துக் கிடக்கிறது.

உன் அக்கா,
சோனா